டீச்சரிடம் கேளுங்கள்: "அரும்பு"வில் உட்கார்ந்தால் அவமானமா?

2022 மே மாதம்தான் ஓய்வு பெற்றேன். 34 வருடம் ராமநாதபுரம் மாவட்டத்துக் கிராமங்களில் வாத்தியார் வேலை, அதில் கடைசி 11 வருடம் ஒரே ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) நடுநிலைப் பள்ளியில் தலைமையாசிரியை. 2022 ஜூன் 13ஆம் தேதி பள்ளிகள் திறந்ததிலிருந்து இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: பிள்ளை பள்ளிக்குத் திரும்பிவிட்டது, படிப்பு இன்னும் திரும்பவில்லை. அதனால் இந்த முறை அந்தக் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன். ஊர், பெயர் எதையும் போடவில்லை, சின்ன ஊர்களில் ஒரு எழுத்தைப் போட்டாலும் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இயேசுவுக்கே புகழ், டீச்சர். என் மகன் மூன்றாம் வகுப்பு. ஒன்றாம் வகுப்பு முழுக்க என் செல்போனில்தான் படித்தான். இப்போது பள்ளியில் அவனை "அரும்பு" என்று பிரித்து உட்கார வைத்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை "மொட்டு". இவன் தினமும் அழுகிறான். பேசாமல் ஒன்றாம் வகுப்பிலேயே திரும்பப் போடச் சொல்லலாமா?
— ஒரு அம்மா, திருவாடானைப் பக்கம்

வேண்டாம்மா, அப்படிக் கேட்காதீர்கள். அவன் வயதுப் பிள்ளைகளிடமிருந்து அவனைப் பிரித்தால் இப்போது அழுவதைவிட அதிகமாக அழுவான்.

முதலில் ஒரு கணக்குப் பாருங்கள். உங்கள் பையன் 2020இல் ஒன்றாம் வகுப்பில் பெயர் எழுதினவன். அந்த வருடம் அவன் வகுப்பறையையே பார்க்கவில்லை. இரண்டாம் வகுப்புக்கு வந்த பிறகு, 2021 நவம்பர் 1ஆம் தேதிதான் 1 முதல் 8 வரை திறந்தார்கள். அன்றைக்குச் சகல புனிதர்கள் திருநாள், மறுநாள் கல்லறைத் திருநாள், நான்காம் தேதி தீபாவளி, அப்புறம் மழை பிடித்துக்கொண்டது, எத்தனை நாள் விடுமுறை விட்டார்கள் என்று உங்களுக்கே தெரியும். கிறிஸ்துமஸ் முடிந்து வருவதற்குள் ஒமைக்ரான் வந்து மறுபடி பூட்டி, பிப்ரவரி 1ஆம் தேதிதான் திறந்தார்கள். இரண்டு வருடப் படிப்பு என்று நாம் சொல்வதில் அவன் பெஞ்சில் உட்கார்ந்தது எல்லாம் சேர்த்து அரை வருடம் தேறினால் பெரிது. அந்தப் பிள்ளை மூன்றாம் வகுப்புப் பாடத்தைத் தடுமாறாமல் வாசிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமே இல்லை.

நான் நேரில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். பள்ளி திறந்த அந்த நவம்பரில் இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி நோட்டைக் கொண்டுவந்து காட்டினாள். அச்சடித்த மாதிரி எழுத்து, ஒரு பிழை இல்லை. சந்தோஷப்பட்டு, எங்கே இதை வாசி கண்ணு என்றேன். பேசாமல் நின்றாள். ரொம்ப நேரம் கழித்து, "வாட்ஸப்புல வந்த போட்டோவப் பாத்து எழுதுனேன் டீச்சர்" என்றாள். அவள் எழுத்தை எழுதவில்லை, படம் வரைகிற மாதிரி வரைந்திருக்கிறாள். "கொ" என்ற எழுத்தில் கொம்பு முன்னால் வருகிறது, கால் பின்னால் வருகிறது, ஆனால் சத்தம் ஒன்றாக வருகிறது. இதை ஒரு பிள்ளை புரிந்துகொள்ள வேண்டுமென்றால் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து வாயசைத்துச் சொல்ல வேண்டும். போனில் அது நடக்காது. பள்ளி திறந்த பிறகும் எங்கள் வாயில் முகக்கவசம். ல, ள, ழ மூன்றையும் முகக்கவசத்துக்குள்ளிருந்து எப்படிச் சொல்லிக் கொடுப்பது? நாக்கு எங்கே போகிறது என்று பிள்ளை பார்த்தால்தானே! நான் ஆறடி தள்ளி நின்று, முகக்கவசத்தை இறக்கிச் சொல்லிக் காட்டிவிட்டு மறுபடி ஏற்றிக்கொள்வேன்.

அரும்பு, மொட்டு, மலர் என்பது 2022 ஜூனில் தொடங்கிய "எண்ணும் எழுத்தும்" திட்டத்தில் இருக்கிற பிரிவு. தொடங்கும்போது 1 முதல் 3 வகுப்பு வரைக்கும். பிள்ளை எந்த வகுப்பு என்று பார்க்காமல் இப்போது அவனுக்கு எவ்வளவு தெரியும் என்று பார்த்து, அங்கிருந்து தொடங்குகிறார்கள். 2025க்குள் 8 வயதுக்கு உட்பட்ட எல்லாப் பிள்ளைகளும் படிக்கவும் எழுதவும் அடிப்படைக் கணக்குப் போடவும் தெரிந்திருக்க வேண்டும் என்பது நோக்கம். நல்ல முறை என்றுதான் நான் நினைக்கிறேன். தேறியதும் அடுத்த நிலைக்கு மாற்றுவார்கள். அவனை அழ வைப்பது அரும்பு இல்லை, வீட்டு வாசலில் நடக்கிற ஒப்பீடு. பக்கத்து வீட்டுப் பிள்ளை பேச்சை இன்றோடு விட்டுவிடுங்கள்.

சாயங்காலம் கால்மணி நேரம் போதும். பத்துத் தடவை எழுது என்று சொல்லாதீர்கள், அவன் எழுதி எழுதித்தான் இந்த நிலைக்கு வந்திருக்கிறான். வாசிக்கச் சொல்லுங்கள். ரேஷன் கார்டில் உங்கள் பெயர், பஸ்ஸில் ஊர்ப் பெயர், கோயிலுக்குப் போனால் மின்விசிறியிலும் சுவரிலும் "உபயம்" என்று எழுதியிருக்கிற பெயர்கள். கல்லறைத் தோட்டத்துக்குப் போகும்போது தாத்தாவின் சிலுவையில் இருக்கிற பெயரை அவனையே வாசிக்க விடுங்கள். எங்கள் பள்ளியில் ஒரு பையன் முழுதாக வாசித்த முதல் வார்த்தை அவன் தாத்தா பெயர்தான்.

பேரனுக்கு ஆன்லைன் வகுப்புக்காக மருமகள் தோட்டை அடகு வைத்து போன் வாங்கினோம். இப்போது பள்ளி திறந்துவிட்டது, போனைக் கொடுக்க மாட்டேன் என்கிறான். ஏழாம் வகுப்பு. என்ன செய்வது?
— ஒரு தாத்தா, காளையார்கோவில்

ஐயா, பிடுங்காதீர்கள், ஆனால் அது அவன் போன் இல்லை, வீட்டுப் போன் என்பதை அவன் அம்மா அப்பா இருவரும் சேர்ந்து உட்கார்ந்து சொல்ல வேண்டும். நீங்கள் மட்டும் சொன்னால் தாத்தா திட்டுகிறார் என்று ஆகிவிடும். ராத்திரி அது உங்கள் தலைமாட்டில் இருக்கட்டும். இன்னொன்று, இரண்டு வருடம் "போனை எடு, போனை எடு" என்று நாம்தான் சொன்னோம். அவனுக்குக் குழப்பமாகத்தான் இருக்கும், ஒரு மாதம் பொறுங்கள். சாயங்காலம் அவனை மைதானத்துக்கு அனுப்பப் பாருங்கள். விளையாடிக் களைத்த பிள்ளை போனை அவ்வளவு தேடுவதில்லை, இதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

நாங்கள் இந்துக்கள். பக்கத்தில் இருப்பது ஆர்.சி. பள்ளி, அதனால் அங்கே சேர்த்தோம். வீட்டிலிருந்து படித்தபோது ஒன்றும் தெரியவில்லை. இப்போது மகள் தினமும் சிலுவை போட்டுக்கொள்கிறாள், சாப்பிடும் முன் ஜெபம் சொல்கிறாள். என் மனைவிக்கு அதில் வருத்தமில்லை. என் அண்ணன் சத்தம் போடுகிறார். வேண்டாம் என்று பள்ளியில் சொன்னால் பிள்ளையை ஒதுக்கிவிடுவார்களோ?
— ஒரு அப்பா, சிவகங்கை மாவட்டம்

தம்பி, நேராகப் போய்ச் சொல்லுங்கள், பயப்பட ஒன்றுமில்லை. அரசு உதவி பெறுகிற பள்ளியில் எந்தப் பிள்ளையையும் பெற்றவர்கள் சம்மதம் இல்லாமல் வழிபாட்டிலோ மதப் பாடத்திலோ கலந்துகொள்ளச் சொல்ல முடியாது. அரசியல் சாசனத்தின் 28ஆவது பிரிவிலேயே இது இருக்கிறது. எங்கள் பள்ளியில் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி நடக்கிற நேரத்தில் மற்றப் பிள்ளைகளுக்கு நன்னெறி வகுப்பு. பல கிராமத்து ஆர்.சி. பள்ளிகளில் பாதிக்கு மேல் மற்ற மதத்துப் பிள்ளைகள்தான். அவர்கள் இல்லையென்றால் அந்தப் பள்ளிகளே இல்லை. சிஸ்டரோ தலைமையாசிரியரோ இந்தப் பேச்சைப் புதிதாகக் கேட்கப் போவதில்லை.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். இரண்டு வருடம் தனியாக இருந்த பிள்ளை இப்போது நாற்பது பிள்ளைகளோடு சேர்ந்து ஒரே சமயத்தில் ஒரு காரியம் செய்கிறது. கை கட்டுவது, பாட்டுப் பாடுவது, வரிசையில் போவது எல்லாமே அதற்கு இப்போது ஒரு சந்தோஷம். உங்கள் மகள் சிலுவை போடுவதில் பக்தியைவிடப் பக்கத்தில் நிற்கிற தோழியைப் போல இருக்க வேண்டும் என்ற ஆசைதான் அதிகமாக இருக்கும். அதனால் பிள்ளையை மிரட்டாதீர்கள். பேச வேண்டியதைப் பெரியவர்களோடு பேசுங்கள். உங்கள் அண்ணனிடமும் நீங்களே பேசுங்கள், பிள்ளையைக் கூப்பிட்டு விசாரிக்க விடாதீர்கள்.

மரியே வாழ்க. எங்களுடையது சின்ன நடுநிலைப் பள்ளி. கொரோனா நேரத்தில் தனியார் பள்ளிக்குக் கட்டணம் கட்ட முடியாதவர்கள் எங்களிடம் பிள்ளைகளைச் சேர்த்தார்கள், எண்ணிக்கை 92 ஆனது. இப்போது வேன் ஓட ஆரம்பித்ததும் ஒவ்வொருவராகப் போகிறார்கள். இன்று 71. ஆகஸ்ட் 1 அன்று மாணவர் எண்ணிக்கையை வைத்து ஆசிரியர் பணியிடத்தை முடிவு செய்கிற கணக்கெடுப்பில் ஓர் ஆசிரியர் உபரி ஆகிவிடுவார் போலிருக்கிறது. போனவர்கள் பெயரை ஒரு மாதம் அப்படியே வைத்திருக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். மனசு கேட்கவில்லை.
— ஒரு தலைமையாசிரியர்

மனசு கேட்காததைச் செய்யாதீர்கள் சார். இல்லாத பிள்ளைக்கு வருகை போட்டால் நாளைக்கு உங்கள் கையெழுத்துதான் நிற்கும், சொன்னவர்கள் நிற்க மாட்டார்கள். அதோடு, ஒரு பிள்ளையின் பெயர் இரண்டு இடத்தில் இருந்தால் அந்தப் பிள்ளைக்குத்தான் பின்னால் சிக்கல்.

உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. 11 வருடம் ஆகஸ்ட் 1 என்றாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். வேனில் போகிற பிள்ளையை நிறுத்த நம்மால் முடியாது. ஆனால் வேறு ஒரு கசிவும் இருக்கிறது, அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் பெற்றவர்கள் பிள்ளையை அரசுப் பள்ளிக்கு மாற்றிவிடுகிறார்கள். ஏன்? மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. பெண் பிள்ளைகள் கல்லூரிக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய் தரப்போவதாக 2022 பட்ஜெட்டில் சொன்னார்களே, அந்த அறிவிப்பில் அதுவும் 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான். 2022இல் காலைச் சிற்றுண்டித் திட்டம் அறிவித்தபோது அதுவும் அரசுப் பள்ளிக்குத்தான். எல்லாமே நல்ல திட்டங்கள், அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கிடைப்பதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் நம் பள்ளியில் படிக்கிற பிள்ளை யார்? அதே தெரு, அதே கூலி வேலை, அதே ரேஷன் அரிசி. கட்டணம் இல்லாமல் படிக்கிற, மத்தியானம் சத்துணவை நம்பி வருகிற பிள்ளை. காலையில் வெறும் வயிற்றோடு வருவதில் இரண்டு பள்ளிப் பிள்ளைக்கும் வித்தியாசம் கிடையாது. கிராமத்து உதவிபெறும் பள்ளிகளையும் இவற்றில் சேர்க்க வேண்டும் என்று பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் தீர்மானம் போட்டு அனுப்புங்கள். பக்கத்து ஊர்ப் பள்ளிகளையும் போடச் சொல்லுங்கள். பள்ளித் தாளாளராக இருக்கிற பாதிரியார், நம் சாமியும் மறைமாவட்டம் வழியாகக் கேட்கட்டும்.

ஆகஸ்ட் 1க்கு இன்னும் சில நாள் இருக்கிறது. திரும்பி வராத பிள்ளைகள் பட்டியலை எடுங்கள், வேனில் போனவர்கள் பட்டியலை இல்லை. எங்கேயும் போகாமல் வீட்டிலோ காட்டிலோ இருக்கிற பிள்ளைகள். ஒவ்வொரு வீட்டுக்கும் நடந்து போங்கள். நாங்கள் அப்படிப் போனோம், இதைக் கடைசிக் கேள்வியில் சொல்கிறேன்.

கட்டடத்தையும் ஒரு சுற்றுப் பார்த்துவிடுங்கள். ஆசிரியர் சம்பளம் அரசாங்கம் தருகிறது, பராமரிப்பு நிர்வாகத்தின் தலையில். 19 மாதம் பூட்டிக் கிடந்த எங்கள் பள்ளியில் மைதானம் முழுக்கச் சீமைக்கருவேல், நான்காம் வகுப்பில் குளவிக்கூடு, தண்ணீர்த் தொட்டியில் பாசி. திறப்பதற்கு முந்தின ஞாயிறு, பூசை முடிந்ததும் சாமி பீடத்திலிருந்தே கேட்டார், அரிவாளும் மண்வெட்டியுமாக முப்பது பேர் வந்தார்கள். அதில் பாதிப் பேர் கோயிலுக்கே வராதவர்கள், பிள்ளையார் கோவில் தெருக்காரர்கள். அவர்கள் படித்த பள்ளி அது. ஒரு பெற்றவர் பிள்ளையைச் சேர்க்க வரும்போது முதலில் எட்டிப் பார்ப்பது கழிப்பறையைத்தான், குறிப்பாகப் பெண் பிள்ளையைப் பெற்றவர்கள்.

மகளுக்கு 11 வயது. இரண்டு வருடமாகப் புதுநன்மை (முதன்முதலாக நற்கருணை வாங்குவது) தள்ளிப்போகிறது. இப்போது 9 வயதுப் பிள்ளைகளோடு சேர்ந்து வாங்க வெட்கப்படுகிறாள்.
— ஒரு அம்மா, ஓரியூர் அருகில்

உங்கள் பங்கில் இவள் வயதில் இன்னும் சில பேர் இப்படி நிற்பார்கள், விசாரித்துப் பாருங்கள். அவர்களை ஒரு குழுவாகச் சேர்த்துத் தயாரிக்க முடியுமா என்று பங்குச் சாமியிடம் கேளுங்கள். முடியாது என்றால், சின்னப் பிள்ளைகளுக்கு மந்திரம் சொல்லிக் கொடுக்கிற வேலையை இவளிடம் விடச் சொல்லுங்கள். வெட்கம் போய்விடும்.

டீச்சர், நான் மதுரையில் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறேன். என் தம்பி 2020இல் ஆறாம் வகுப்பு. பள்ளி மூடியதும் அப்பாவோடு விறகை மூடி எரித்துக் கரி எடுக்கிற கரிமூட்டத்துக்குப் போனான், அப்புறம் பள்ளிக்குப் போகவே இல்லை. இந்த மே மாதம் எட்டாம் வகுப்பு முடித்ததாக டிசி கொடுத்துவிட்டார்கள். ஒன்பதாம் வகுப்புக்குப் பக்கத்து ஊர் உயர்நிலைப் பள்ளியில் சேர்க்க வேண்டும். "எனக்கு ஒண்ணும் தெரியாது, கேவலப்படுத்துவாங்க, நான் வரல" என்கிறான். அப்பாவும் விட்டுவிடு என்கிறார். நான் என்ன செய்யட்டும்?
— ஒரு அக்கா

உன் கடிதத்தை நான்கு தடவை வாசித்தேன் அம்மா. உன் தம்பி சொல்வது உண்மைதான். காகிதத்தில் அவன் எட்டு முடித்தவன், கையில் இருப்பது ஆறாம் வகுப்புப் படிப்பு, அதிலும் கடைசி மாதம் இல்லை. அவனைக் கேட்காமல் நாம் இரண்டு வகுப்பு மேலே தூக்கி வைத்துவிட்டோம். பயப்படாமல் என்ன செய்வான்?

2021 நவம்பரில் எங்கள் பள்ளிக்கு 4 பிள்ளைகள் திரும்பி வரவில்லை. நானும் எங்கள் கான்வென்ட் சிஸ்டர் ஒருவரும் சாயங்காலம் சாயங்காலம் வீடு வீடாகப் போனோம். ஒரு பையன் உன் தம்பி மாதிரித்தான், கரிமூட்டம். முதல் நாள் எங்களைப் பார்த்ததும் கொல்லைப்பக்கமாக ஓடிவிட்டான். இரண்டாம் நாளும் ஓடினான். மூன்றாம் நாள் நான் பள்ளியைப் பற்றிப் பேசவே இல்லை, மூட்டம் எப்படிப் போடுவீர்கள் என்று கேட்டேன். வேரை எப்படி அடுக்குவது, மண்ணை எப்படி மூடுவது, புகையின் நிறத்தைப் பார்த்து எப்போது பிரிக்க வேண்டும் என்று அரைமணி நேரம் சொன்னான். அவனுக்குப் படிப்பு வராது என்று வீட்டிலேயே முடிவு கட்டியிருந்தார்கள். மூட்டைக்கு இத்தனை கிலோ, கிலோ இவ்வளவு, லாரிக்காரர் கழிக்கிறது இவ்வளவு என்று அவன் மனக்கணக்குப் போட்ட வேகத்துக்கு எங்கள் எட்டாம் வகுப்பில் ஆள் கிடையாது. மறுவாரம் வந்தான். விரல் காய்த்துப்போய் பென்சிலைப் பிடிக்கவே கஷ்டப்பட்டான். கணக்கை அவன் கரிமூட்டையிலிருந்தே தொடங்கினேன். தமிழ் வாசிப்புக்கு, மற்றப் பிள்ளைகள் போன பிறகு அரைமணி நேரம், தனியாக, யாரும் பார்க்காமல். அந்த "யாரும் பார்க்காமல்" என்பதுதான் அவனுக்குத் தேவையாக இருந்தது.

நீ செய்ய வேண்டியது இதுதான். தம்பியைச் சேர்க்கும் முன்பே நீ மட்டும் அந்த உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியரைப் போய்ப் பார். டிசியை நீட்டாதே, நடந்ததைச் சொல். இரண்டு வருடம் பள்ளிக்கு வராத பையன், வகுப்பில் எழுப்பி வாசிக்கச் சொல்லாதீர்கள், இரண்டு மாதம் பொறுங்கள் என்று கேள். இந்த வருடம் ஒன்பதாம் வகுப்பில் அவனைப் போல் இன்னும் பல பேர் இருப்பார்கள், அவர்களுக்கும் தெரியும். உங்கள் ஊரில் இல்லம் தேடிக் கல்வி மையம் சாயங்காலம் நடந்தால், அந்தத் தன்னார்வலர் பெண்ணிடம் பேசு. இந்த 2022இல் அது எட்டாம் வகுப்பு வரைக்கும்தான், ஆனாலும் தெரிந்த அக்கா என்றால் தனியாக அரைமணி நேரம் வாசிக்கச் சொல்லிக் கொடுக்க மாட்டாளா? உங்கள் பழைய பள்ளிச் சிஸ்டரிடமும் கேள், டிசி கொடுத்துவிட்டோம் என்று யாரும் கதவை மூட மாட்டார்கள்.

அப்பாவிடம் சண்டை போடாதே. அவர் முன்பணம் ஏதும் வாங்கியிருக்கிறாரா என்று மட்டும் மெதுவாகக் கேட்டுப் பார். விட்டுவிடு என்று அவர் சொல்வதற்கு அதுதான் காரணமாக இருக்கலாம். 14 வயது நிறையாத பிள்ளையை வேலைக்கு வைப்பது குற்றம், 18 வரைக்கும் ஆபத்தான வேலையில் வைக்கக் கூடாது. முன்பணத்தைக் காட்டி யாராவது பையனை விட மறுத்தால் 1098க்குக் கூப்பிடு, பணம் இல்லாத அழைப்பு, ராத்திரியிலும் எடுப்பார்கள்.

கடையில் ஒரு நாள் விடுப்புக் கேட்டு ஊருக்கு வா. சேர்க்கிற அன்று நீயே அவனோடு போ. அவனுடைய பழைய சீருடை பத்தாது, புதுச் சட்டை ஒன்று எடுத்துக்கொண்டு வா, ஜவுளிக்கடையில் இருக்கிறவள் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பதினோரு மணி வாக்கில் போங்கள். சேர்க்கை முடிந்து வரும்போது சத்துணவு மணி அடிக்கும், அவனை உடனே கூட்டிக்கொண்டு வந்துவிடாதே. தட்டை வாங்கிக்கொண்டு மற்றப் பையன்களோடு உட்காரட்டும், நீ கொஞ்சம் தள்ளி மரத்தடியில் இரு.